பரிசு ஒரு நாள், பராமரிப்பு தினமும்: குற்றாலத்து இரும்புச் சட்டியும் நம்ம அடுப்படி வரலாறும்

 இந்த எபிசோடுக்கு ஒரு சின்னக் கேள்விதான் காரணம். நல்லா சமைக்கிற நண்பருக்கோ, சமையல்ல ஆர்வமா இருக்கற அக்காவுக்கோ, புதுசா குடித்தனம் போற ஒரு ஜோடிக்கோ, அடுப்படியில பயன்படுற மாதிரி என்ன வாங்கிக் கொடுக்கலாம்?

ஆன்லைன்ல தேடினா "டாப் 10" பட்டியல் நிறைய வரும். அந்த வேலையை நான் செய்யப் போறதில்லை. நம்ம ஊர் அடுப்படிகளுக்கு இதுவரைக்கும் பரிசா வந்த பொருள்களோட வரலாற்றைப் பார்ப்போம். அதுல எது அடுப்பு மேல நின்னுச்சு, எது பரணுக்குப் போச்சு, ஏன் போச்சு? இதுக்குப் பதில் தெரிஞ்சா, என்ன வாங்கறதுன்னு நீங்களே முடிவு பண்ணிடுவீங்க.

எனக்கு சொந்த ஊர் தென்காசி. ஜூன் பிறந்து சாரல் விழ ஆரம்பிச்சா, பக்கத்துல குற்றாலத்துல சீசன். அருவியில குளிச்சுட்டுத் திரும்புறவங்க கையில ரெண்டு பை இருக்கும். ஒண்ணுல ஈரத்துணி. இன்னொண்ணுல ரம்புட்டான், மங்குஸ்தான், நேந்திரங்காய் சிப்ஸ். சில பேர் கையில மட்டும் பேப்பர் சுத்தின கனமான ஒரு பொட்டலம் இருக்கும். இரும்பு தோசைக்கல், இரும்புச் சட்டி, குழிப்பணியாரச் சட்டி, இதுல ஏதாவது ஒண்ணு. இந்த எபிசோட் அந்தப் பொட்டலத்தைப் பத்தினது. ஆனா அங்க போறதுக்கு முன்னாடி, பரண் மேல ஏறணும்.

பாத்திரத்துல யார் பேரு?

தமிழ்நாட்டுல எந்த வீட்டுப் பழைய பாத்திரத்தையும் கவுத்துப் பாருங்க. விளிம்புலயோ அடியிலயோ புள்ளி புள்ளியா ஒரு பேர் வெட்டியிருக்கும். இனிஷியல், தேதி, சில நேரம் ஊர் பேர், கூடவே "அன்பளிப்பு". பாத்திரக் கடையில வாங்கின உடனே, "பேர் வெட்டணுமா?"ன்னு கேப்பாங்க. ஒரு சின்ன மெஷினைக் கையில பிடிச்சு, ரெண்டு நிமிஷத்துல எழுதிக் கொடுத்துடுவாங்க.

இது வெறும் பழக்கம் இல்லை, ஒரு தேவை. ஒரு வீட்டுல விசேஷம்னா தெருவே அண்டா, குண்டான், தாம்பாளம் எல்லாம் கடன் கொடுக்கும். எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். திரும்பி வரும்போது எது யாரோடதுன்னு தெரிய பேர் வேணும். அந்தப் பேர் மெதுவா இன்னொரு வேலையும் செய்ய ஆரம்பிச்சது. யார் கொடுத்தது, எந்தக் கல்யாணத்துக்குக் கொடுத்ததுன்னு ஞாபகம் வைக்கிற கணக்காகவும் ஆச்சு. மொய் நோட்டுல எழுதினதோட உலோகப் பிரதின்னு சொல்லலாம். பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ் 1925ல் பரிசுகளைப் பத்தி எழுதின புகழ்பெற்ற கட்டுரையோட மையக் கருத்தே இதுதான்: கொடுக்கறது, வாங்கிக்கறது, திருப்பிக் கொடுக்கறது மூணுமே கடமை. மொய் எழுதற ஊர்ல பிறந்தவங்களுக்கு இது புதுசா இருக்காது.

இதுக்கு நேர் எதிரா ஒரு பரிசும் எங்க பக்கம் இருக்கு. பத்தமடைப் பாய். அம்பாசமுத்திரத்துல இருந்து திருநெல்வேலி போற வழியில இருக்கற ஊர் பத்தமடை. கோரையில நெய்யற கல்யாணப் பாய்ல மாப்பிள்ளை, பொண்ணு பேரையே சேர்த்து நெய்வாங்க. அந்தப் பாய்ல வாங்கறவங்க பேர் இருக்கு. "அன்பளிப்பு"ன்னு வெட்டின பாத்திரத்துல கொடுக்கறவங்க பேர் இருக்கு. இந்த வித்தியாசத்தை மனசுல வச்சுக்கோங்க. ஏன்னா நிறைய அடுப்படிப் பரிசுகள் கொடுக்கறவங்க கௌரவத்துக்காக வாங்கினவை. சமைக்கிற கைக்காக வாங்கினவை கொஞ்சம்தான்.

ஈயம் பூசறவர் வராத தெரு

எங்க வீட்டுப் பரண்ல பித்தளைத் தவலை, வெண்கலப் பானை, ஒரு உருளி எல்லாம் சாக்குக்குள்ள தூங்குது. உருளி இருக்கறதுல ஆச்சரியம் இல்லை. தென்காசியை ஒட்டின செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோட இருந்தது. இன்னைக்கு எல்லாரும் பரோட்டாவுக்காகத் தேடிப் போற "பார்டர்" கடைகள் இருக்கற பிரானூர், நிஜமாவே அந்தக் காலத்து எல்லைதான். ரெண்டு பக்கத்துப் பாத்திரமும் இங்க கலந்துதான் புழங்கியிருக்கு.

இவ்வளவு விலை உயர்ந்த பாத்திரம் ஏன் பரணுக்குப் போச்சு? எங்க ஆச்சிகிட்ட கேட்டேன். "ஈயம் பூச ஆள் வரணும்லா, எய்யா. ஆள் வரல, தூக்கி மேல வச்சாச்சு"ன்னாங்க. அவ்வளவுதான் பதில்.

பித்தளையில புளி, மோர், தக்காளி மாதிரி புளிப்பு பட்டா உலோகம் உணவுல கரையும், களிம்பு ஏறும். அதனால உள்பக்கம் வெள்ளீயம் பூசணும். பூச்சு தேயத் தேய மறுபடியும் பூசணும். அதுக்கு ஒரு தொழிலாளி தெருவுக்கு வருவார், சின்னக் குழி தோண்டி, துருத்தி வச்சுக் கரியை ஊதி, பாத்திரத்தைச் சூடாக்கிப் பூசிக் கொடுப்பார். அம்மிக்கும் அப்படித்தான். வழவழன்னு ஆனா கொத்திக் கொடுக்க ஒருத்தர் வருவார். ஒரு பாத்திரம் தனியா வாழறதில்லை, அதைப் பராமரிக்கிற ஒரு தொழிலோட சேர்ந்துதான் வாழுது. அந்தத் தொழில் தெருவை விட்டுப் போனா, பாத்திரம் அடுப்படியை விட்டுப் போகும்.

நான் சாஃப்ட்வேர் எழுதிப் பொழைக்கிறவன். எங்க வேலையில எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு உண்மை உண்டு. ஒரு புரோகிராமை எழுதற செலவு ஒரு தடவைதான். அதைப் பராமரிக்கிற செலவு அது உயிரோட இருக்கற வரைக்கும். சப்போர்ட் நின்னு போன சாஃப்ட்வேர் எவ்வளவு நல்லா இருந்தாலும் யாரும் தொட மாட்டாங்க. பித்தளைத் தவலைக்கு நடந்ததும் அதேதான்.

ஒரு இன்ஜினியரிங் பேராசிரியரும் அலுமினியமும்

அலுமினியம் 1886 வரைக்கும் விலை உயர்ந்த உலோகம். அந்த வருஷம்தான் அமெரிக்காவுல ஹாலும் பிரான்ஸ்ல எரூவும், ஒருத்தரை ஒருத்தர் தெரியாமலே, மின்சாரத்தால அலுமினியத்தைப் பிரிக்கிற வழியைக் கண்டுபிடிச்சாங்க. விலை சரிஞ்சது. அது இந்திய அடுப்படிக்கு வந்த கதை சென்னையில தொடங்குது. இன்னைக்கு கிண்டியில இருக்கற இன்ஜினியரிங் காலேஜோட பழைய பேராசிரியர் ஆல்ஃபிரட் சாட்டர்டன், 1898ல் சென்னை ஓவியப் பள்ளியில அலுமினியப் பாத்திரம் செய்யற பட்டறையைத் தொடங்கினார். பித்தளையும் செம்பும் அடிச்சுப் பழகின கன்னார் கைகளுக்கு இந்தப் புது உலோகம் சுலபமா வந்தது. சில வருஷத்துல அது ஒரு தனியார் கம்பெனியோட தொழிலா மாறிப் போச்சு.

அலுமினியத்துக்கு ஈயம் வேண்டாம், எடை கிடையாது, விலையும் குறைவு. அடுத்து வந்தது எவர்சில்வர். 1913ல் இங்கிலாந்தோட ஷெஃபீல்ட் நகரத்துல, துப்பாக்கிக் குழாய் சீக்கிரம் தேயாம இருக்க ஒரு எஃகு தேடினார் ஹாரி பிரியர்லி. குரோமியம் அதிகமா கலந்த அந்த எஃகு துருப்பிடிக்கலன்னு கவனிச்சார். நம்ம ஊர்ல அதுக்கு வெள்ளியோட பேரைச் சேர்த்துட்டோம். 1981ல் சேலம் உருக்காலை உற்பத்தி தொடங்கினதும், தமிழ்நாட்டுலயே துருப்பிடிக்காத எஃகுத் தகடு கிடைச்சது. அதுக்கப்புறம் சீர்னா எவர்சில்வர்தான். வரிசையா குடம், தூக்குவாளி, சம்படம்.

எவர்சில்வர் ஏன் ஜெயிச்சது? நல்லா சமைக்குதுங்கறதுக்காக இல்லை. சொல்லப் போனா வெப்பத்தைக் கடத்தறதுல அது மோசம், அலுமினியம் கடத்தறதுல பத்துல ஒரு பங்குக்கும் குறைவு. அடிப்பிடிக்கும். ஆனா தேய்ச்சுக் கவுத்தா முடிஞ்சது. புளி போட்டுத் துலக்க வேண்டாம், ஆள் வர வேண்டாம். பாத்திரம் தேய்க்கிற கைதான் அதைத் தேர்ந்தெடுத்தது.

சுத்தறது எது, நிக்கறது எது

இப்போ, உழைப்பை நிஜமாவே மாத்தின ஒரு பொருளைப் பார்ப்போம். நீங்க ஆட்டுக்கல்னு சொல்றதை எங்க பக்கம் ஆட்டுரல்னு சொல்வாங்க. ஒரு குடும்பத்துக்கு இட்லி மாவு ஆட்டணும்னா உக்காந்து, ஒரு கையால குழவியைச் சுத்திக்கிட்டே, இன்னொரு கையால மாவைத் தள்ளிவிடணும். தோள்பட்டை கழண்டுபோற வேலை.

1955ல் கோயம்புத்தூரைச் சேர்ந்த பி. சபாபதி இதுக்கு மின்சார மோட்டார் பூட்டினார். இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு. கையால ஆட்டும்போது கல் நிக்கும், குழவி சுத்தும். கிரைண்டர்ல குழவி நிக்கும், கல் சுத்தும். கை செய்யறதை அப்படியே காப்பியடிக்காம, யோசனையையே தலைகீழாக்கியிருக்காங்க. கல்லோட கல் மெதுவா உரசுறதால மாவு அதிகம் சூடாகாது, உளுந்து பொங்கி வரும். பிளேடு வேகமா சுத்தற மிக்ஸியில அந்தப் பதம் கிடைக்காது. 2005-06ல் கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் கிடைச்சது.

அப்புறம் 2011 செப்டம்பர் 15. அன்னைக்குத் தமிழ்நாடு அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கற திட்டத்தைத் தொடங்கினது. ரேஷன் கார்டை அடிப்படையா வச்சு, ஒரு கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களை இலக்கா வச்ச திட்டம். "இலவசம்"னு கேலி பேசினவங்க நிறைய. ஆனா அடுப்படிப் பரிசுன்னு பார்த்தா, இதைவிடப் பெரிசா ஒண்ணை என்னால நினைச்சுப் பார்க்க முடியல. சமைக்கிறவங்க கையில இருந்து ஒரு வேலையை எடுத்த பரிசு அது.

இங்க ஒரு எச்சரிக்கையும் வேணும். அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983ல் வெளியிட்ட ஒரு புத்தகத்துல, வீட்டுக்கு மெஷின் வந்ததும் அம்மாவோட வேலை நேரம் எதிர்பார்த்த அளவுக்குக் குறையலன்னு காட்டினார். மெஷின் வந்தா எதிர்பார்ப்பும் கூடுது. உதவிக்கு இருந்த மத்தவங்க கையும் விலகிடுது. வாரம் ஒரு தடவை இட்லி போட்ட வீட்டுல தினமும் இட்லி. நம்ம நாட்டுக் கணக்கையும் பாருங்க. 2019ல் மத்திய அரசு நடத்தின நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்புப்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில ஈடுபடுற பெண்கள் அதுக்கு ஒரு நாளைக்குச் செலவிடற நேரம் சராசரியா 299 நிமிஷம். ஆண்கள் 97 நிமிஷம். ஐந்து மணி நேரத்துக்கும் ஒன்றரை மணி நேரத்துக்கும் நடுவுல இருக்கற அந்த இடைவெளியிலதான் நாம கொடுக்கற ஒவ்வொரு அடுப்படிப் பரிசும் போய் விழுது.

ஆற்றோட கீழ்ப்பக்கம் இரும்பு

சரி, பொட்டலத்தைப் பிரிப்போம். குற்றாலத்து அருவித் தண்ணி சிற்றாறாகி, தென்காசி வழியா ஓடி, சீவலப்பேரி பக்கம் தாமிரபரணியில சேருது. அந்தத் தாமிரபரணிக் கரையில இன்னும் கீழ போனா ஆதிச்சநல்லூர், சிவகளை. ஆதிச்சநல்லூர்ல நூறு வருஷத்துக்கு முன்னாடியே அலெக்சாண்டர் ரீ தோண்டினப்போ, இரும்புப் பொருள்கள் ஏராளமா கிடைச்சது. 2025 ஜனவரி 23ஆம் தேதி தமிழ்நாடு அரசு வெளியிட்ட அறிக்கையில, சிவகளையில இரும்போட கிடைச்ச ஒரு மாதிரியோட காலம் கி.மு. 3345 வரைக்கும் போகுதுன்னு சொல்லப்பட்டிருக்கு. அறிஞர்கள் மத்தியில இது பத்தின விவாதம் தொடருது. எப்படிப் பார்த்தாலும், இந்த ஆத்தங்கரைக்கு இரும்பு ரொம்பப் பழைய சிநேகிதம்.

இரும்புக் கல் அடுப்படியை விட்டுக் கொஞ்ச காலம் ஒதுங்கினதுக்குக் காரணம் நான்-ஸ்டிக். 1938ல் அமெரிக்காவுல ராய் பிளங்கெட் தற்செயலா கண்டுபிடிச்ச டெஃப்லானை, 1950கள்ல பிரான்ஸ்ல மார்க் கிரெகுவார் அலுமினியச் சட்டியில ஒட்ட வச்சார். எண்ணெய் கொஞ்சம் போதும், ஒட்டாது. ஆனா அந்தப் பூச்சுக்கு ஆயுள் உண்டு. வெறும் சட்டியை 260 டிகிரிக்கு மேல காய விட்டா பூச்சு கெட ஆரம்பிக்கும். கீறல் விழுந்தா மாத்தணும். திரும்பப் பூச, தெருவுக்கு யாரும் வரப் போறதில்லை.

இரும்புல நடக்கறது வேற. மெல்லிசா எண்ணெய் தடவி நல்லா காய வச்சா, எண்ணெய் மூலக்கூறுகள் ஒண்ணோட ஒண்ணு பிணைஞ்சு கெட்டியான ஒரு படலமாகும். அதுவும் ஒட்டாத பூச்சுதான், ஆனா சமைக்கச் சமைக்க வளரும். தேய்ஞ்சா நீங்களே மறுபடி போட்டுக்கலாம். கனமா இருக்கறதால, குளிர்ந்த மாவை ஊத்தினாலும் சூடு சட்டுனு இறங்காது. தோசை ஓரம் முறுகறதுக்கும், பார்டர் பரோட்டா அந்தத் தடிமனான கல்லுல வேகறதுக்கும் அதுதான் காரணம்.

உடம்புக்கும் இதுல ஒரு விஷயம் இருக்கு. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு 5இன்படி, இந்தியாவுல 15 முதல் 49 வயசுப் பெண்கள்ல 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. 1999ல் லான்செட் இதழ்ல வந்த எத்தியோப்பிய ஆய்வு ஒண்ணுல, இரும்புப் பானையில சமைச்சுச் சாப்பிட்ட குழந்தைகளுக்கு, அலுமினியப் பானை வீட்டுக் குழந்தைகளைவிட ஹீமோகுளோபின் கூடியிருந்தது. இது மருந்துக்கு மாத்து கிடையாது, டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தாதீங்க. ஆனா தினமும் எரியற அடுப்புல கிடைக்கிற ஒரு சின்ன லாபம்.

பழக்கிக் கொடுங்க

அப்போ இரும்புக் கல்தான் சரியான பரிசா? நேரா போய் வாங்கிக் கொடுத்துடாதீங்க. இரும்புக்கும் பராமரிப்பு உண்டு. புதுக் கல்லைத் தேய்ச்சுக் கழுவி, சோறு வடிச்ச கஞ்சித் தண்ணியை ஊத்தி ரெண்டு மூணு நாள் வைக்கணும். தினமும் தண்ணி மாத்தணும். அப்புறம் நல்லெண்ணெய் தடவி, காய வச்சு, வெங்காயத்தைப் போட்டு வதக்கி எடுக்கணும். முதல் நாலஞ்சு தோசை பிய்ஞ்சுதான் வரும். இதுக்கு எங்க ஊர்ல சொல்ற வார்த்தை "பழக்கறது". மாட்டைப் பழக்கற மாதிரி, கல்லையும் பழக்கணும்.

ஆபீஸ் முடிஞ்சு எட்டு மணிக்கு வீட்டுக்கு வர்ற ஒருத்தருக்குப் பழக்காத கல்லைக் கொடுத்தா, நீங்க கொடுக்கறது ஒரு வாரத்து வேலை. அது பரணுக்குப் போறதுல தப்பே இல்லை. அதனால நீங்களே ஒரு மாசம் முன்னாடி வாங்குங்க. பிய்ஞ்ச தோசையை நீங்க சாப்பிடுங்க. வழுக்கிட்டு வர்ற நிலைக்கு வந்ததும் கொடுங்க. உபயோகிச்ச பொருளைக் கொடுக்கலாமான்னு தயங்க வேண்டாம். நல்லா சமைக்கிறவங்களுக்குப் பழகின கல்லோட அருமை தெரியும்.

வாங்கறதுக்கு முன்னாடி நாலு விஷயம் விசாரிச்சுக்கோங்க. ஒண்ணு, அடுப்பு என்னது? இண்டக்‌ஷன்னா அடி சமமா இருக்கணும், குழிஞ்ச சட்டி ஆகாது. ரெண்டு, கை எப்படி? மூணு கிலோ கல்லை மணிக்கட்டு வலி இருக்கறவங்களால தூக்க முடியாது. அவங்களுக்கு இரும்புத் தாளிப்புக் கரண்டி போதும், விலையும் குறைவு, தினமும் பயன்படும். மூணு, வீட்டுல பாத்திரம் கழுவறது யாரு? ராத்திரி முழுக்கத் தண்ணியில ஊற வைக்கிற வீடா இருந்தா, காலையில துருதான் இருக்கும். புளிக்குழம்பை அதுலயே வச்சிருக்கவும் கூடாது. நாலு, அவங்க ரசிச்சுச் செய்யற வேலை எது, அலுத்துக்கிட்டே செய்யற வேலை எது? மாவு ஆட்டறதை ஒரு தியானம் மாதிரி செய்யறவங்க உண்டு. அவங்களுக்குத் தேங்காய் துருவறதுதான் தலைவலியா இருக்கும். சொதிக்கு மூணு தேங்காய் துருவற வீட்டுக்கு, மேஜையில பிடிச்சு நிக்கற ஒரு நல்ல துருவி எந்தக் கல்லையும்விடப் பெரிய பரிசு. அலுக்கற வேலையை எடுத்துக்கிட்டு, பிடிச்ச வேலையை அவங்ககிட்டயே விட்டுடுங்க.

கடைசியா பேர் விஷயம். இரும்புக் கல்லுல பேர் வெட்டறதில்லை. அதனால யார் கொடுத்ததுன்னு பாத்திரம் சொல்லாது. பரவாயில்லை. தினமும் காலையில தோசை வழுக்கிட்டு வரும்போது அவங்களுக்கே தெரியும்.

உங்க வீட்டுப் பரண்ல இருக்கற பாத்திரத்துல பழைய பேர், பழைய தேதி இருந்தா, அது எந்த உலோகம், ஏன் மேல போச்சுன்னு வீட்டுல பெரியவங்ககிட்ட கேட்டு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.